பாலாற்று மணலும் எண்ணெய் தங்கும் மணற்கல்லும்

நிலவியல் படித்தவன் என்று வேலூரில் யாரிடமாவது அறிமுகமானால், உடனே வரும் கேள்வி ஒன்று உண்டு: "நம்ம பக்கம் எங்கயாவது பெட்ரோல் கெடைக்குமா சார்?" கிடைக்காது என்றால் கேட்டவரின் முகம் சற்று வாடும். நம் காலடியில் இருப்பவை நைஸ், கிரானைட், சார்னோகைட் போன்ற மிகப் பழைய பாறைகள். அவற்றில் பெரும்பகுதி ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையவை. பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்திலும் பேரழுத்தத்திலும் உருமாறிப் பின்னர் மேலே வந்தவை. எண்ணெய் பிறப்பதற்கு உயிர்ப்பொருள் மக்கிச் சேர்ந்த களிப்பாறை வேண்டும். பிறந்த எண்ணெய் வந்து தங்குவதற்குச் சந்துகள் நிறைந்த மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ வேண்டும். இரண்டும் இங்கே இல்லை.

அப்படியிருந்தும் எண்ணெயைப் பற்றி வேலூரில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதற்குக் காரணம் பாலாறு. ஆழ்துளைகளிலிருந்து வெட்டியெடுத்த பாறைத் தண்டுகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தேன். ஒரு மணற்கல் எவ்வளவு எண்ணெயை வைத்திருக்கும், வைத்திருப்பதில் எவ்வளவை விட்டுக்கொடுக்கும் என்பதில் பெரும்பங்கு, அந்த மணல் ஆற்றில் கிடந்த காலத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பது அங்கே கிடைத்த பாடம். மீதியைப் புதைவும் வெப்பமும் முடிவுசெய்கின்றன என்றாலும், அவை எந்தச் சரக்கை வைத்து வேலை செய்ய வேண்டும் என்பதையும் ஆறுதான் தீர்மானித்து அனுப்புகிறது. அதிலும், ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடந்து, திடீரென்று கலங்கல் வெள்ளம் புரண்டு, மறுபடியும் காய்ந்துபோகும் ஆறுகள் மணலுக்குள் விட்டுச்செல்லும் களிமண்ணைப் பற்றி நம் வகுப்பறைகள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் நெடுநாளைய குறை. இந்தப் பதிவில் அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

எண்ணெய் பூமிக்கடியில் ஏரியாகத் தேங்கி நிற்கிறது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். வடஆர்க்காட்டுக்காரர்களுக்கு அந்த மயக்கம் வரத் தேவையில்லை. மேலே சொட்டுத் தண்ணீர் ஓடாத சித்திரை வைகாசியிலும் பாலாற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கி ஊர்களுக்குக் குடிநீர் எடுக்கிறோம். அதற்கு முன்பும், படுகையில் ஊற்றுக்கால்வாய் வெட்டி, மணலுக்குள் நகரும் நீரை வயலுக்கு இழுத்து நெல் விளைவித்தவர்கள் நம் பெரியவர்கள். அந்தத் தண்ணீர் இருப்பது மணிகளுக்கு இடையிலான சந்துகளில்தான். எண்ணெயும் அப்படியே இருக்கிறது. அந்த மணல் இரண்டாயிரம், மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் புதைந்து கல்லாகிவிட்டது. எண்ணெய் தப்பி மேலேறாதபடி அதன்மேல் களிப்பாறை மூடியிருக்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தச் சந்துகளை இரண்டு கேள்விகளால் அளக்கிறோம். மொத்தக் கன அளவில் வெற்றிடம் எத்தனை சதவீதம் என்பது முதல் கேள்வி; அதை நுண்துளைமை என்கிறோம். அந்த வெற்றிடங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு தாராளமாகத் தொடர்புகொண்டிருக்கின்றன, திரவம் அவற்றின் வழியே எவ்வளவு எளிதாக நகரும் என்பது இரண்டாவது, அது ஊடுபுகுதிறன். பிரான்சின் டிஜோன் நகரத்துக் குடிநீர் அமைப்பைக் கட்டிய பொறியாளர் ஆன்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை ஓடவிட்டுக் கண்ட விதியை 1856இல் வெளியிட்டார். எண்ணெய்த் துறை இன்றும் ஊடுபுகுதிறனை அவர் பெயராலேயே அளக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் முகமும் ஒரு சென்டிமீட்டர் நீளமும் உள்ள பாறைத் துண்டின் இரு முனைகளுக்கு இடையே ஒரு வளிமண்டல அழுத்த வேறுபாடு கொடுத்தால், நொடிக்கு ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் கடக்குமானால் அது ஒரு டார்சி. ஆற்றில் தளர்வாகக் கிடக்கும் கரடுமணலுக்குப் பத்துக்கணக்கான டார்சி இருக்கும். அதே மணல் புதைந்து கல்லான பிறகு அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும், அதாவது சில பத்து மில்லிடார்சி இருந்தாலும், அதை நல்ல எண்ணெய்ப் பாறை என்றே கொண்டாடுவோம்.

பொதுவாக மக்கள் நுண்துளைமையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள், மாணவர்களும் அப்படியே. என் கணிப்பில் ஊடுபுகுதிறனே முக்கியம். களிமண்ணில் நுண்துளைமை மணலைவிட அதிகமாகவே இருக்கலாம். ஆனால் அதன் சந்துகள் மிக நுண்ணியவை, தண்ணீர் அசையாது. ஏரிக்கரையைக் களிமண் போட்டு ஏன் கட்டுகிறார்கள் என்பது தெரிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இரண்டு அளவுகளும் மணலின் எந்தக் குணத்தைச் சார்ந்திருக்கின்றன? ஒரே அளவுள்ள உருண்டைகளை ஒன்றின்மேல் ஒன்று நேராக அடுக்கினால் வெற்றிடம் 47.6 சதவீதம், இண்டு இடுக்கில் பொருத்தி நெருக்கி அடுக்கினால் 26 சதவீதம். இதில் உருண்டையின் பருமனுக்கு இடமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடுகாக இருந்தாலும் பாறாங்கல்லாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். பியர்டு, வெயில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1973இல் வெளியிட்ட சோதனை முடிவுகளும் இதையே உறுதிசெய்தன: மிக நன்றாகத் தரம்பிரிந்த ஈரமணலில் நுண்துளைமை சுமார் 42 சதவீதம், சிறிதும் பெரிதும் கலந்து தரம்பிரியாத மணலில் சுமார் 28 சதவீதம். மணியின் பருமன் மாறியதால் அது பெரிதாக மாறவில்லை. பெரிய மணிகளுக்கு நடுவே உள்ள சந்தில் சிறிய மணிகள் வந்து அடைத்துக்கொள்வதே தரம்பிரியாத மணலின் குறை. ஊடுபுகுதிறனின் கதை வேறு. அது மணியின் விட்டத்தின் இருமடியைத் தழுவிச் செல்கிறது. விட்டம் இரட்டித்தால் ஊடுபுகுதிறன் நான்கு மடங்காகும், பாதியானால் கால் பங்காகிவிடும்.

கட்டட வேலை செய்பவர்கள் இதையெல்லாம் கைப்பழக்கமாகவே அறிந்திருக்கிறார்கள். சத்துவாச்சாரியில் உறவினர் ஒருவர் வீடு கட்டியபோது, லாரியில் வந்து இறங்கிய மணலை மேஸ்திரி ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரித்தார். மணல் கொட்டிப்போன பிறகும் உள்ளங்கையில் சேறு ஒட்டிக்கொண்டிருந்தது. "இதுல மண்ணு ஜாஸ்தி சார், பூச்சுக்கு நிக்காது" என்றவர், ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஓரமாக வைத்தார். மணல் சட்டென்று அடியில் படிந்தது; அதன்மேல் நெடுநேரம் கழித்து விரலின் கால் கனத்துக்கு ஒரு பழுப்பு அடுக்கு வந்து உட்கார்ந்தது. பாறைத் தண்டின் ஒரு துண்டை உடைத்துக் களிமண் சதவீதம் பார்க்க ஆய்வகத்தில் நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவேதான். எங்களிடம் இருந்த கருவி விலை கூடியது, அவ்வளவே. இப்போது எல்லோரும் வாங்கும் எம்-சாண்ட் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது: கல்லை உடைத்துச் செய்த மணலுக்கு முனைகள் கூர்மையாக இருக்கின்றன, கழுவாவிட்டால் கல்தூள் மிகுதியாக இருக்கிறது. ஆற்றின் வேலை என்னவென்று பார்க்க வேண்டுமானால் இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் அருகருகே கொட்டிப் பார்த்தால் போதும்.

ஆறு மணலைச் சலிக்கிறது என்றாலும் எல்லா ஆறும் ஒரே நேர்த்தியோடு சலிப்பதில்லை. பாலாறு நந்திமலைப் பகுதியில் பிறந்து, கோலார் மாவட்டம் வழியாக வந்து, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா வழியாகக் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். கங்கை, கோதாவரியோடு பார்த்தால் இது சிறிய ஆறு. அதோடு குடியாத்தம் வழியாகக் கௌண்டன்யா மகாநதி, ஆம்பூர்ப் பக்கம் மலட்டாறு, திருவலத்தை ஒட்டிப் பொன்னையாறு என்று மலையடிவாரத்திலிருந்து குறுகிய தொலைவில் இறங்கிவரும் துணையாறுகள் ஒவ்வொன்றும் தத்தம் சரக்கைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அந்தச் சரக்கு முதிராதது, முனை மழுங்காதது, பொடியும் சரளையும் கலந்தது.

அந்த மணலைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைவில்லையின் கீழ் வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது கண்ணாடி உடைசல் போன்ற குவார்ட்ஸ். அடுத்தது, தட்டையான முகங்களோடு பால்வெள்ளையாகவும் மங்கிய ரோஜா நிறத்திலும் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார். இடையிடையே கருப்பாக ஹார்ன்பிளெண்டு, மினுங்கும் மைக்கா, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த கார்னெட். காற்றும் நீரும் இலேசான மணிகளை அடித்துச் சென்ற இடங்களில் கருமணல் கோடு கோடாகப் படிந்திருக்கும். காந்தத்தைக் கொண்டுபோனால் அதில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு வரும். இந்தப் பட்டியலில் எண்ணெய்ப் பாறைக்கு நண்பன் குவார்ட்ஸ் மட்டுமே என்று பழைய பாடங்கள் சொல்லும். அது முழுக்கச் சரியில்லை என்றாலும் அடிப்படை நியாயமானது: குவார்ட்ஸ் கடினமானது, எளிதில் கரையாதது, சுமை ஏறினாலும் நசுங்காதது. மைக்காவும், ஏடு ஏடாகப் பிரியும் ஷிஸ்ட் பாறைத் துணுக்குகளும், களிமண் உருண்டைகளும் சுமை ஏறியதும் நசுங்கிச் சந்துக்குள் பிதுங்கி அதை அடைத்துவிடும். ஃபெல்ட்ஸ்பார் இரண்டுங்கெட்டான். அது கரைந்தால் புதுச் சந்து பிறக்கும். கரைந்த சரக்கு அங்கேயே கயோலினைட் களிமண்ணாக மறுபடி படிந்தால், பிறந்த சந்து பாதி அடைந்துபோகும்.

ஃபெல்ட்ஸ்பார் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஆற்றின் நீளம் தீர்மானிக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். நீளத்தைவிடத் தட்பவெப்பமும் நிலத்தின் சரிவுமே முக்கியம் என்பேன். மழை மிகுந்து, காடு அடர்ந்து, சரிவு குறைந்த நிலத்தில் பாறை நின்ற இடத்திலேயே மக்கிக் களிமண்ணாகிவிடும். அங்கிருந்து வரும் மணலில் குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சும். ஜவ்வாது மலையின் அடிவாரம் போல, சரிவு கூடி, ஆண்டின் பாதி வறண்டு கிடக்கும் நிலத்தில் பாறை மக்குவதற்கு முன்பே உடைந்து உருண்டு வந்துவிடுகிறது. ஃபெல்ட்ஸ்பார் அதோடு தப்பிப் பிழைக்கிறது.

இனி அந்தக் களிமண். மணல் அள்ளிய பள்ளம் ஒன்றின் சுவர், வெயிலில் காய்ந்து இன்னும் சரியாமல் நிற்கும் நிலையில் கிடைத்தால், அதைக் கத்தியால் செங்குத்தாகச் செதுக்கிப் பார்க்க வேண்டும். மேலே கையளவு தடிமனுக்குச் சாய்வரிகள் ஓடும் நடுத்தர மணல். அதற்குக் கீழே சரளை. சரளைக்குக் கீழே மறுபடியும் மணல். ஒரு வெள்ளம் வடிந்தபோது கடைசியாகத் தங்கிய வண்டல், மணலுக்கு நடுவே தோல் போல மெலிந்த பழுப்பு அடுக்காகத் தெரியும். இவ்வளவும் யாரும் எதிர்பார்ப்பது. ஆனால் அந்த வண்டல் அடுக்குக்கு ஒரு சாண் கீழே உள்ள மணலை விரலால் தட்டினால், மற்ற இடத்து மணலைப் போலப் பொலபொலவென்று உதிராமல் சற்றே பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். வில்லையில் பார்த்தால் காரணம் புலப்படும்: ஒவ்வொரு மணியையும் சுற்றி மிக மெல்லிய பழுப்புப் பூச்சு, மணியும் மணியும் தொடும் இடத்தில் அந்தப் பூச்சு வளைந்து பாலம் போட்டிருக்கும்.

இது வந்த வழி எளிமையானது. நீர்மட்டம் ஆழத்தில் இருக்கும் வறண்ட ஆற்றில் வெள்ளம் வரும்போது, தண்ணீரின் ஒரு பகுதி மேலே ஓடாமல் மணலுக்குள் இறங்குகிறது. இறங்கும்போது களிமண் துகள்களையும் கூடவே கொண்டுபோகிறது. தண்ணீர் கசிந்து போய்விட, களிமண் மணிகளின்மேல் தட்டைத் தட்டையாகப் படிந்து உலர்கிறது. அடுத்த வெள்ளத்தில் இன்னொரு பூச்சு. 2021 நவம்பரில் பாலாற்றில் கரை புரண்டு ஓடிய செந்நீரைப் பார்த்தவர்களுக்கு, ஒரே வெள்ளத்தில் எவ்வளவு களிமண் இப்படி உள்ளே இறங்கியிருக்கும் என்று கற்பனை செய்வது கடினமாக இருக்காது. எப்போதும் நீர் நிறைந்து ஓடும் ஆற்றில் இது நடப்பதில்லை. அங்கே மணல் ஏற்கெனவே நீரால் நிரம்பியிருப்பதால் கலங்கல் உள்ளே இறங்க இடமில்லை, களிமண் வெள்ளச் சமவெளிக்கோ கடலுக்கோ போய்ச் சேர்ந்துவிடும். அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோவின் வடமேற்கிலும் உள்ள வறண்ட ஓடைகளில் இந்தக் களிமண் ஊடுருவலை டி.ஆர். வாக்கர் 1970களில் விரிவாக ஆராய்ந்தார். பிரேசிலின் வடகிழக்கில் உள்ள ரெகோன்கவோ என்ற வண்டற் படுகையின் ஜுராசிக் கால ஆற்று மணற்கற்களில், இப்படி இறங்கிய களிமண் எண்ணெய்ப் பாறையின் தரத்தையே கெடுத்திருப்பதை 1990இல் மொராயிஸ், டி ரோஸ் என்ற இருவர் எழுதினார்கள்.

கெடுத்தது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிக் கதைதான் ஆகும். ஆய்வகத்தில் மணற்கல்லின் சந்துகளுக்குள் நீலச் சாயம் கலந்த பிசினைச் செலுத்தி இறுகவைத்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு, அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு கனத்துக்கு, சீவித் தேய்த்து நுண்ணோக்கியில் வைப்போம். நீலமாகத் தெரிவதெல்லாம் வெற்றிடம். களிமண் மிகுந்த துண்டில் நீலமே இருக்காது. பழுப்பு மெழுகு பூசிய தரை போலிருக்கும். களிமண்ணே இல்லாத துண்டிலும் சில சமயம் நீலத்தைத் தேட வேண்டியிருக்கும், ஏனென்றால் குவார்ட்ஸ் மணிகள் தங்கள்மேல் தாங்களே புதிதாகக் குவார்ட்ஸ் வளர்த்துச் சந்துகளை மூடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில், மணியைச் சுற்றி முடியளவு மெல்லிய, ஆனால் எங்கும் விட்டுப்போகாத களிமண் பூச்சு இருந்த துண்டுகளில்தான் நீலம் நன்றாகப் பரவியிருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பூச்சு இருந்தால் புதுக் குவார்ட்ஸ் ஒட்டி வளர இடம் கிடைப்பதில்லை. வறண்ட ஆறு கொடுத்த களிமண் அளவோடு இருந்தால் காப்பு, மிஞ்சினால் அடைப்பு. அந்த அளவைத் தீர்மானிப்பது எத்தனை வெள்ளம் வந்தது, எவ்வளவு கலங்கலாக வந்தது, அந்த மணல்திட்டு எத்தனை காலம் நீர்மட்டத்துக்கு மேலே கிடந்தது என்பவையே.

புதைந்த பிறகு நடப்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பாடநூல்கள் தாராளமாகவே எழுதியிருக்கின்றன. முதல் இரண்டு கிலோமீட்டர் ஆழம்வரை சுமைதான் ஆட்சி செய்கிறது. மணிகள் நெருங்கி, 40 சதவீதமாக இருந்த இடைவெளி, கடினமான மணிகள் கொண்ட மணலில் 26 சதவீதம் அளவுக்கு இறங்கி ஏறக்குறைய அங்கேயே நிற்கும். மைக்காவும் ஷிஸ்ட் துணுக்கும் மிகுந்த மணலுக்கு அந்தத் தரைமட்டம் கிடையாது. அது நசுங்கிக்கொண்டே போகும். வெப்பம் 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் குவார்ட்ஸ் வளர்ச்சி தொடங்குகிறது. 120, 140 டிகிரியை நெருங்கும்போது கயோலினைட்டும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்து இல்லைட் என்ற களிமண்ணாக மாறுகின்றன. இது சந்துக்குள் நூல் நூலாக வளரக்கூடியது. நுண்துளைமையை அளந்தால் எதுவும் குறைந்திருக்காது. ஊடுபுகுதிறனோ பத்தில் ஒன்றாகவும் நூற்றில் ஒன்றாகவும் விழுந்திருக்கும். ஆற்றில் மக்காமல் தப்பி வந்த ஃபெல்ட்ஸ்பார்தான் பல கோடி ஆண்டு கழித்து இந்த வேலையைச் செய்கிறது.

மணலின் குணம் ஒன்று. மணல் கிடக்கும் வடிவம் இன்னொன்று. எண்ணெய் எடுக்கும் பொறியாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான். பாலாறு போலப் பல கிளைகளாகப் பிரிந்து கூடி, திட்டுகளை அழித்து அழித்து எழுதும் ஆறு, அகன்று பரந்த மணல் விரிப்பைப் படியவைக்கும். நடுவே களிமண் அடுக்குகள் இருந்தாலும் அடுத்த வெள்ளம் அவற்றை அரித்துவிடுவதால் அவை தொடர்ச்சியாக நிலைப்பதில்லை. சமவெளியில் பாம்பாக வளைந்து ஓடும் ஆறு வளைவின் உட்பக்கத்தில் மணலைச் சேர்த்து, மற்ற இடமெல்லாம் களிமண்ணைப் பரப்பும். அங்கே மணல் தனித்தனி நாடாக்களாகக் களிமண்ணுக்குள் புதைந்து கிடக்கும். ஒரு கிணற்றில் எண்ணெய் பொங்கும், அரைக் கிலோமீட்டர் தள்ளித் தோண்டிய அடுத்த கிணறு வெறும் களிப்பாறையில் முடியும்.

அலாஸ்காவில் 1968இல் கண்டறியப்பட்ட புரூடோ விரிகுடா வயலின் முதன்மைப் பாறை, கிளைத்தோடும் ஆறுகளும் அவற்றின் கழிமுகமும் குவித்த டிரையாசிக் கால மணலும் சரளையும். நம் நாட்டில் ராஜஸ்தானின் பார்மர் படுகையில் 2004இல் கண்டறியப்பட்ட மங்களா வயலும் ஃபதேகர் அமைப்பு எனப்படும் பாறை அடுக்குத் தொகுதியின் ஆற்று மணற்கல்லில்தான் இருக்கிறது. அங்கே ஊடுபுகுதிறன் பல டார்சி அளவுக்கு இருப்பது, புதைந்த பாறைக்கு அரிய வரம். எண்ணெய் மெழுகு நிறைந்ததாக இருப்பதால் அதைச் சூடாக்கிய குழாயில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது என்பது வேறு தொல்லை. கனடாவின் அதபாஸ்கா எண்ணெய் மணலில் வளைவாற்றுத் திட்டுகளுக்குள் சாய்வாகப் படிந்த மெல்லிய களிமண் அடுக்குகள், எண்ணெயை இளக்கச் செலுத்தும் நீராவியை மேலேறவிடாமல் தடுக்கின்றன. அங்கே மணல் மிகச் சிறந்தது. தகராறெல்லாம் அந்த அடுக்குகளால்தான்.

வளைவாற்றுத் திட்டில் அடியில் கரடும் மேலே பொடியுமாக மணல் படிவதற்கும் ஒரு விலை உண்டு. அழுத்தம் குறைந்த வயலில் எண்ணெயைத் தள்ளுவதற்குத் தண்ணீர் செலுத்துவார்கள். எண்ணெயைவிட கனமான தண்ணீர் இயல்பாகவே அடிக்குச் செல்லும். ஊடுபுகுதிறனும் அடியில்தான் கூடுதல். இரண்டும் சேர்ந்து தண்ணீர் அடிவழியாகவே ஓடி மறுகிணற்றில் ஏறிவிட, மேல்பாதியின் எண்ணெய் இருந்த இடத்திலேயே இருந்துவிடும். ஆற்றுமுகத்தில் படியும் திட்டு தலைகீழாக, அடியில் பொடியும் மேலே கரடுமாக இருக்கும். அங்கே கரடான மேல்பகுதி தண்ணீரை இழுக்க, கனம் அதைக் கீழே இழுக்க, பாறை முழுவதும் ஓரளவு சீராக அலசப்படுகிறது. சராசரி ஊடுபுகுதிறன் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும் கிடைக்கும் எண்ணெய் ஒன்றாக இருக்காது.

தமிழ்நாட்டு எண்ணெய் என்றால் காவிரிப் படுகை. நரிமணம், புவனகிரி, கோவில்களப்பால் என்று அதன் வயல்களின் பெயர்களைச் செய்திகளில் கேட்டிருப்போம். காவிரிப் படுகை என்றதும் இன்றைய காவிரி கொட்டிய மணலை நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் அதன் அடிப்பகுதியை நிரப்பியது, இந்தியா அண்டார்க்டிகாவிடமிருந்து பிரியத் தொடங்கிய காலத்தில் நிலம் பிளந்து இறங்கிய பள்ளங்களுக்குள், அருகிலிருந்த மேடுகளிலிருந்து குறுகிய தொலைவு ஓடி இறங்கிய ஆறுகள். கிரெட்டேசியஸ் கால ஆண்டிமடம் அமைப்பின் மணற்கற்களில் ஃபெல்ட்ஸ்பாரும் மைக்காவும் மிகுந்திருப்பதற்குக் காரணம் அதுவே. அவை பிறந்ததும் நம் மலைகளை ஒத்த நைஸ், கிரானைட் பாறைகளிலிருந்துதான். அந்த மணற்கல்லின் பிறப்பைப் புரிந்துகொள்ள, திருச்சிக்குக் கிழக்கே விரிந்த காவிரிக் கழிமுகத்தைவிட ஜவ்வாது மலையடிவாரத்து ஓடைகளும் பாலாற்றின் துணையாறுகளும் பொருத்தமான மாதிரி என்று நான் நினைக்கிறேன். கல்லூரிகள் மாணவர்களைப் பேருந்தில் ஏற்றிக் கழிமுகத்துக்கே அழைத்துப் போகின்றன, ஆம்பூரிலேயே இறங்கிவிடலாம்.

இந்த வகை மணலுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. துளைக்குள் இறக்கும் காமா கதிர் கருவி, பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளந்து, அது கூடுதலாக இருந்தால் களிப்பாறை, குறைவாக இருந்தால் மணல் என்று காட்டும். களிமண்ணில் பொட்டாசியமும் தோரியமும் மிகுதி என்பதால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும். கிரானைட்டிலிருந்து வந்த மணலிலோ பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரே கதிர்வீசும். நல்ல மணற்கல் களிப்பாறை வேடத்தில் தெரியும். மணல் எந்த மலையிலிருந்து வந்தது என்று கேட்காமல் அந்தக் கருவி வரையும் கோட்டை மட்டும் வாசிப்பவர் எண்ணெய் இருக்கும் அடுக்கைத் தாண்டிப் போய்விடுவார். அதே காவிரிப் படுகையின் கடற்பகுதியில், பி.ஒய்-1 என்ற வயலில், வெடிப்பு விழுந்த கிரானைட் அடித்தளப் பாறையிலிருந்தே எரிவாயு எடுத்திருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வேலூரில் கேள்வி கேட்டவர்கள் இதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அங்கே அடித்தளத்தைச் சூழ்ந்து எண்ணெய் பிறக்கும் களிப்பாறை இருக்கிறது, நமக்கு அது இல்லை.

ஆய்வகத்தின் பக்கமும் ஒரு குறை இருக்கிறது. பாறைத் தண்டிலிருந்து வழக்கமாக அடிக்கு ஒன்று என்று சிறு உருளைத் துண்டுகளைத் துளைத்தெடுத்துத்தான் ஊடுபுகுதிறனை அளக்கிறார்கள். அளவு விழும் இடத்தில் வண்டல் அடுக்கு வந்தால் துண்டு உடைந்துவிடும் என்று ஓர் அங்குலம் தள்ளி, திடமான மணலில் துளைப்பது பழக்கம். தளர்ந்து உதிரும் சிறந்த மணலும் துண்டாக நிற்காது, அதையும் தவிர்ப்பார்கள். ஆக மிக மோசமானதும் மிக நல்லதும் அட்டவணையில் ஏறுவதில்லை. நூல் போன்ற இல்லைட் இருக்கும் துண்டை அடுப்பில் உலர்த்தினால் நூல்கள் சுருண்டு சந்தின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அளவு உண்மையைவிடப் பல மடங்கு கூடுதலாக வரும். அதனால், யாராவது மணற்கல்லின் ஊடுபுகுதிறன் இவ்வளவு என்று ஒரே எண்ணாகச் சொன்னால், துண்டுகளை எங்கே துளைத்தார்கள், எப்படி உலர்த்தினார்கள், படுக்கைவாக்கில் அளந்தார்களா செங்குத்தாக அளந்தார்களா என்று முதலில் கேட்பேன். வண்டல் அடுக்குகள் உள்ள ஆற்று மணலில் செங்குத்து அளவு படுக்கை அளவின் பத்தில் ஒரு பங்காகவும் அதற்குக் கீழாகவும் இருப்பது சாதாரணம்.